ஜன்னலில் வழியும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது

180 மில்லி. படுக்கையறையின் இரண்டு ஜன்னல்களையும் ஒரு நீலத் துண்டால் துடைத்து, சமையலறைக்குக் கொண்டுபோய் அளவுக் குவளையில் பிழிந்து பார்த்தபோது வந்த தண்ணீர் அவ்வளவு. ஜனவரி மாதம், காலை ஆறரை மணி, வெளியே இன்னும் கும்மிருட்டு. ஏறக்குறைய ஒரு டம்ளர் தண்ணீர். முந்தின இரவு பத்து மணிக்கு அந்தக் கண்ணாடி காய்ந்துதான் இருந்தது, நான்தான் திரைச்சீலையை இழுத்து மூடினேன். இரவில் மழையும் இல்லை, அந்தச் சுவரில் தண்ணீர்க் குழாயும் கிடையாது. ஆனாலும் கண்ணாடி முழுக்க முத்து முத்தாக நின்று, ஒன்றோடு ஒன்று சேர்ந்து, கோடு கோடாக வழிந்து, கீழே ஜன்னல் கட்டையில் குளம் கட்டியிருந்தது. கட்டையின் வெள்ளை பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, நகத்தால் தொட்டாலே உதிர்ந்தது. கண்ணாடியைச் சுற்றியுள்ள கறுப்பு ரப்பரை ஒட்டி மிளகைப் பொடித்துத் தூவியதுபோலப் பூசணப் புள்ளிகள்.

2022 இலையுதிர்காலத்தில் கோயம்புத்தூரிலிருந்து கணவரோடும் மூன்று வயது மகளோடும் இங்கே வந்தோம். இங்கிலாந்தில் மான்செஸ்டருக்கு வடகிழக்கே இருக்கும் ஓல்டம். எங்கள் தெரு முழுக்க ஒன்றோடொன்று சுவர் ஒட்டிய செங்கல் வரிசை வீடுகள், பஞ்சாலைத் தொழிலாளர்களுக்காக 19-ஆம் நூற்றாண்டில் கட்டியவை. சுவர் ஒன்பது அங்குலச் செங்கல், நடுவில் இடைவெளி கிடையாது. மாடியில் பழைய இரட்டைக் கண்ணாடி, சமையலறைப் பின்பக்கம் மட்டும் ஒற்றைக் கண்ணாடி. வாடகைக்கு வீடு பார்க்க வந்த அன்று வெயில் அடித்தது, ஜன்னலைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

இதை எழுதுவது முக்கியமாக இந்த நாட்டுக்குப் புதிதாக வருகிற நம்மவர்களுக்காக. நர்ஸ் வேலைக்கும் படிப்புக்கும் ஐ.டி. வேலைக்கும் வந்து, செப்டம்பரில் வீடு எடுத்து, டிசம்பரில் ஜன்னலைப் பார்த்துத் திகைத்துப்போகிற குடும்பங்களை வருடாவருடம் பார்க்கிறேன். எல்லோரும் முதலில் செய்வது நான் செய்ததைத்தான்: ஜன்னல்களை இன்னும் இறுக்கமாக மூடுவது, திரையை இன்னும் கனமாகப் போடுவது, காலையில் துடைப்பது. முதல் இரண்டும் நிலைமையை மோசமாக்கும், மூன்றாவது தேவைதான், ஆனால் அதோடு நின்றால் மார்ச் மாதம் வரை துடைத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

வீட்டுக்காரர் சார்பில் வாடகை விவகாரங்களைப் பார்க்கும் லெட்டிங் ஏஜெண்ட் வந்து பார்த்தார். ஐந்து நிமிடம் இருந்தார். அடுப்பில் இட்லிப் பானை இருந்தது, அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் மேல் துணி காய்ந்துகொண்டிருந்தது. இரண்டையும் காட்டி, "இதுதான் காரணம், ஜன்னலைத் திறந்து வையுங்கள்" என்று சொல்லிவிட்டு ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. சமைக்காமல் எப்படி இருப்பது, டிசம்பர் மாதம் ஓல்டமில் துணியை எங்கே காயப்போடுவது, உறையும் குளிரில் ஜன்னலைத் திறந்தால் கேஸ் பில்லை யார் கட்டுவது? அந்தக் குளிர்காலத்தில் கேஸ் யூனிட்டுக்கு 10 பென்ஸுக்கு மேல், கரண்ட் 34 பென்ஸ். தெருவே வீட்டைப் பொத்தி வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் வீடியோ காலில் புலம்பினேன். அப்பா கோயம்புத்தூரில் ஒரு நூற்பாலையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர், பெரும்பகுதி ஹியூமிடிஃபிகேஷன் பிளான்டில். பஞ்சாலை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: காற்று காய்ந்துபோனால் நூல் அறுந்துகொண்டே இருக்கும், பஞ்சில் நிலைமின்சாரம் ஏறி ஒட்டிக்கொள்ளும். அதனால் ஆலைக்குள் காற்றில் ஈரத்தை ஓர் அளவில் நிறுத்தி வைக்கத் தனியாக ஒரு பிளான்டே ஓடும். ஓல்டமும் மான்செஸ்டரும் நூல் நூற்றுப் பேர் வாங்கியதற்கு இந்த ஊரின் ஈரக்காற்றும் ஒரு காரணம் என்பார்கள். தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று பேர் வாங்கிய எங்கள் ஊரில் அதே ஈரத்தை மெஷின் வைத்து உண்டாக்க வேண்டியிருந்தது. ஷிப்டுக்குப் பலமுறை ஆர்.எச். பார்த்து எழுதுவதுதான் அப்பாவின் வேலை. ஆர்.எச். என்றால் காற்று தாங்கக்கூடிய ஈரத்தில் இப்போது நூற்றுக்கு எத்தனை பங்கு இருக்கிறது என்கிற கணக்கு.

நான் ஜன்னலில் ஓட்டை இருக்கும்போல என்று சொல்லிக்கொண்டிருக்க, அவர் கேட்ட முதல் கேள்வி: "ரூம்ல ஆர்.எச். எவ்வளவு கண்ணு?"

"தெரியலீங்கப்பா."

"அதைப் பார்க்காம சன்னலைத் திட்டி என்ன பண்றது? ரெண்டு தெர்மாமீட்டர் வாங்கு."

மறுநாள் இரண்டு மலிவான கண்ணாடித் தெர்மாமீட்டர் வாங்கினேன். ஒன்றின் குமிழில் அப்பாவின் பழைய பருத்தி வேட்டியில் கிழித்த துண்டைச் சுற்றி (நான் இங்கே வரும்போது பாத்திரங்களைச் சுற்றிக் கொண்டுவந்த வேட்டி), தண்ணீரில் நனைத்து, நோட்டுப் புத்தகத்தால் விசிறினேன். நனைந்த துணியிலிருந்து தண்ணீர் ஆவியாகிப் போகும்போது குமிழ் குளிரும். காற்று காய்ந்திருந்தால் வேகமாக ஆவியாகும், அதிகம் குளிரும். காற்று ஏற்கெனவே ஈரமாக இருந்தால் கொஞ்சம்தான் குளிரும். அதிகாலையில் படுக்கையறையில் உலர்ந்தது 16 டிகிரி காட்டியது, நனைந்தது 14. இரண்டுக்கும் வித்தியாசம் இரண்டே டிகிரி. அப்பா அங்கே அட்டவணையைப் பார்க்காமலே சொன்னார்: "எண்பதுக்கு மேல இருக்கும். ஸ்பின்னிங்ல இவ்வளவு வந்தா எங்களை உண்டு இல்லைன்னு ஆக்கீருவாங்க. நாங்க காசு செலவு பண்ணிக் காத்துல தண்ணி ஏத்துனோம், நீ சும்மாவே ஏத்தீட்டு இருக்கற. அந்தத் தண்ணி எங்கியாவது போயி உக்காந்துதான ஆகணும்?"

அது எங்கே போய் உட்காரும் என்பதுதான் முழு விஷயமும். காற்று சூடாக இருந்தால் நிறைய நீராவியைத் தாங்கும், குளிர்ந்தால் தாங்காது. 20 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று அதிகபட்சம் 17 கிராம் தண்ணீரைத் தாங்கும், 10 டிகிரியில் 9 கிராம் சொச்சம், 5 டிகிரியில் 7 கிராமுக்கும் கொஞ்சம் குறைவு, 0 டிகிரியில் 5 கிராம்கூட இல்லை. அறைக்காற்று குளிர்ந்த கண்ணாடியைத் தொடும்போது அந்த இடத்தில் மட்டும் குளிர்ந்துவிடுகிறது, தாங்க முடியாத மிச்சத்தை அங்கேயே விட்டுவிடுகிறது. எந்த வெப்பநிலையில் விட ஆரம்பிக்கும் என்பதுதான் டியூ பாயின்ட். மார்கழி காலையில் பூசணிப்பூ மேல் நிற்கிற பனித்துளியும் இதேதான். பனி பெய்கிறது, பனி கொட்டுகிறது என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம், அதனால் அது மேலே எங்கிருந்தோ விழுவதாக மனதில் பதிந்துவிட்டது. ஆனால் அது சுற்றியுள்ள காற்றிலிருந்து நேரே இலையின் மேல் படிவது. ஐஸ் தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் சொம்பு வேர்ப்பதும் அப்படியே. மண்பானை வெளியே ஈரமாக இருந்தால் அது உள்ளேயிருந்து கசிந்த தண்ணீர், சொம்பு அப்படிக் கசிய வழியே இல்லை. ஜன்னல் கண்ணாடி சொம்பு மாதிரி.

அப்படியானால் கண்ணாடி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பது ஒரு பாதி. வெளியே 0 டிகிரி, உள்ளே 20 டிகிரி என்று வைத்துக்கொண்டால், ஒற்றைக் கண்ணாடியின் உள்பக்கம் சுமார் 5 டிகிரிதான் இருக்கும். பழைய இரட்டைக் கண்ணாடி 13 பக்கம். இப்போது போடுகிற நல்ல இரட்டைக் கண்ணாடி 17 பக்கம். 20 டிகிரி அறையில் ஆர்.எச். 60 இருந்தால் டியூ பாயின்ட் 12 டிகிரி. ஆக ஒற்றைக் கண்ணாடி கட்டாயம் வழியும், பழைய இரட்டை விளிம்பில் நிற்கும், புதியது காய்ந்திருக்கும். ஆனால் எங்கள் அறை அதிகாலையில் 16 டிகிரிக்கு இறங்கி, ஆர்.எச். 81 இருந்தது, டியூ பாயின்ட் 13-க்குக் கொஞ்சம் கீழே, அந்தக் குளிரில் கண்ணாடியோ 10, 11 டிகிரி. வழியாமல் என்ன செய்யும்?

(ஒரு சின்ன விஷயம், இதில் நிறையப் பேர் குழம்புகிறார்கள். தண்ணீர் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில், துடைக்க முடியாத இடத்தில் இருந்தால் அது சீல் போனது, அந்தக் கண்ணாடியை மாற்றத்தான் வேண்டும். கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் காலையில் பனி பிடித்திருந்தால் பயப்பட வேண்டாம், வீட்டுச் சூடு வெளியே போகாமல் ஜன்னல் நன்றாகத் தடுக்கிறது என்று அர்த்தம். நான் பேசுவது உள்பக்கம் வழிவதைப் பற்றி மட்டும்.)

கண்ணாடியை வாடகைக்காரர் மாற்ற முடியாது. காற்றில் உள்ள தண்ணீரைப் பற்றி நிறையச் செய்யலாம். அப்பா என்னை ஒரு வாரம் கணக்கெடுக்கச் சொன்னார்: வீட்டுக்குள் எங்கே, எவ்வளவு தண்ணீர் காற்றில் ஏறுகிறது என்று.

முதலில் நாம்தான். தூங்குகிற ஒரு ஆள் மூச்சிலும் வியர்வையிலும் மணிக்குச் சுமார் 40 கிராம் தண்ணீரை வெளியே விடுகிறார். ஒரே அறையில் பெரியவர்கள் இரண்டு பேர், ஒரு குழந்தை, எட்டு மணி நேரம், கதவும் ஜன்னலும் மூடி: முக்கால் லிட்டர் பக்கம் வரும். நான் குவளையில் பிழிந்த 180 மில்லி அதில் ஒரு பங்குதான், மிச்சம் மெத்தையிலும் திரையிலும் சுவரிலும் ஏறியிருக்கிறது.

அப்புறம் துணி. வெளிநாட்டுக்கு வந்த எல்லோர் வீட்டிலும் பெட்டி எடை பார்க்கும் ஒரு கொக்கித் தராசு இருக்குமே, 23 கிலோ தாண்டிவிடக் கூடாது என்று வாங்கியது, அதில் மெஷினிலிருந்து எடுத்த துணியை ஒரு பையில் போட்டு மாட்டினேன். 6.1 கிலோ. மறுநாள் காய்ந்த பிறகு அதே துணி 4.2 கிலோ. 1.9 லிட்டர் தண்ணீர் என் வீட்டுக் காற்றுக்குள் போயிருக்கிறது, வாரத்துக்கு மூன்று முறை. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மெஷினில் சுழற்சி வேகத்தை 1000-லிருந்து 1400-க்கு மாற்றியதும் அந்தத் துணியே அரை கிலோவுக்கு மேல் இலேசாக வெளியே வந்தது. ஒரு பட்டனைத் திருப்பியதில் கிடைத்த லாபம், வந்த நாளிலேயே யாராவது சொல்லியிருக்கலாம்.

சமையல். நம் சமையலே ஆவிச் சமையல். இட்லி, புட்டு, இடியாப்பம், குக்கர் விசில், சோறு வடிப்பது, ரசம் நுரைகட்டும்வரை கொதிப்பது. இதில் எதையும் விட்டுவிடச் சொல்ல மாட்டேன், நானும் விடவில்லை. ஆனால் மூடி போட்டுச் சமைக்கலாம், குக்கர் விசில் விடும்போது ஜன்னலுக்குக் கீழே உள்ள அடுப்பைப் பயன்படுத்தலாம். கேஸ் அடுப்பைப் பற்றி எனக்குத் தெரியாத ஒன்றையும் அப்பா சொன்னார்: பாத்திரமே வைக்காமல் எரித்தாலும் கேஸ் எரியும்போதே தண்ணீர் உண்டாகும். மீத்தேன் எரிந்தால் கிடைப்பது கரியமில வாயுவும் நீராவியும்தான், ஒரு கனமீட்டர் கேஸ் எரிந்தால் ஒன்றரை லிட்டர் தண்ணீர். ரேடியேட்டருக்குச் சுடுநீர் அனுப்பும் கேஸ் பாய்லரின் புகை குழாய் வழியாக வெளியே போய்விடும், அடுப்பினுடையது சமையலறைக்குள்ளேயே நிற்கும்.

இங்கேதான் என் வீட்டின் உண்மையான கோளாறு வெளிப்பட்டது. அடுப்புக்கு மேலே சிம்னி இருந்தது, சத்தமாக ஓடியது, நான் ஒவ்வொரு முறையும் கடமையாகப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் சாம்பார் கொதிக்கும்போது அதன் முன்னால் நின்று பார்த்தேன், நெற்றியில் வெதுவெதுப்பாக, எண்ணெய் வாடையோடு காற்று அடித்தது. நாற்காலி போட்டு ஏறிப் பார்த்தால் வெளியே போகிற குழாயே கிடையாது. கரி ஃபில்டர் வழியாக இழுத்து, வாடையைக் கொஞ்சம் குறைத்து, அதே காற்றை அறைக்குள்ளேயே திருப்பி விடுகிற வகை. ஒரு சொட்டு ஈரத்தைக்கூட அது வெளியே கொண்டுபோகாது. இங்கே வாடகை வீடுகளில் இந்த வகை ஏராளம். உங்கள் வீட்டில் எது என்று இன்றைக்கே பாருங்கள்.

குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேன் இன்னும் மோசம். பாய்லர் சர்வீஸுக்கு வந்தவர் எங்கள் ஜன்னலைப் பார்த்துவிட்டு, தானாகவே டாய்லெட் பேப்பரில் ஒரு தாளைக் கிழித்து, ஓடுகிற ஃபேனின் கம்பிவலை மேல் வைத்துக் கையை எடுத்தார். தாள் அங்கேயே ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். எங்கள் வீட்டில் மெதுவாக ஆடி ஆடிக் குளியல் தொட்டிக்குள் விழுந்தது. உள்ளே பஞ்சுமெத்தை மாதிரி தூசி அடைத்திருந்தது, அதைச் சுத்தம் செய்த பிறகும் தாள் நிற்கவில்லை. பரணில் ஏறிப் பார்த்தபோது ஃபேனிலிருந்து போகிற வளையக் குழாய் கழன்று கிடந்தது. குளித்த ஆவி முழுக்கப் பரணுக்குள் போய்க்கொண்டிருந்தது. இங்கிலாந்தின் கட்டட விதிப்படி புதிதாகக் கட்டும்போது குளியலறை ஃபேன் நொடிக்கு 15 லிட்டர் காற்றையும், சமையலறை ஃபேன் அடுப்புக்கு மேலே இருந்தால் 30 லிட்டரும் வேறு இடத்தில் இருந்தால் 60 லிட்டரும் இழுத்து வெளியே தள்ள வேண்டும். எங்கள் வீட்டில் இரண்டு ஃபேனும் ஓடின, இரண்டும் எதையும் வெளியே தள்ளவில்லை.

இனி நான் நம்புவதற்கே நாளான விஷயத்துக்கு வருகிறேன். மழை பெய்கிறபோது ஜன்னலைத் திறக்கலாமா?

திறக்கலாம். திறக்க வேண்டும். நம் ஊர் அனுபவம் இதற்கு நேர் எதிராக இருப்பதால்தான் மனம் ஒப்புவதில்லை. ஐப்பசி மழையில் கோயம்புத்தூரில் துணி மூன்று நாளானாலும் காயாது, அப்பளம் நமுத்துப்போகும், தீப்பெட்டி பற்றாது, ஜன்னலைத் திறந்தால் ஈரம் உள்ளே வரும். அது 25 டிகிரி மழை. அந்தக் காற்றில் ஒரு கனமீட்டருக்கு 20 கிராமுக்கு மேல் தண்ணீர் இருக்கும். ஓல்டமில் ஜனவரி மழை 5 டிகிரி. நனைந்து சொட்டச் சொட்ட இருந்தாலும் அந்தக் காற்றால் 7 கிராமைத் தாங்க முடியாது. அதே காற்று வீட்டுக்குள் வந்து 20 டிகிரிக்குச் சூடானால் அதன் ஆர்.எச். 40-க்கும் கீழே போய்விடும். இரண்டுக்கும் மழை என்றுதான் பேர், ஆனால் இந்த ஊர் மழைக்காற்று அங்கத்திய மழைக்காற்றில் மூன்றில் ஒரு பங்கு ஈரம்கூடக் கொண்டுவராது. வீட்டுக்குள் இருக்கும் காற்றைவிட வெளியே மழையில் நிற்கும் காற்றில் தண்ணீர் குறைவு! இதைப் புரிந்துகொண்ட நாள்தான் நான் ஏஜெண்டின் துண்டுப் பிரசுரத்தைக் கோபமில்லாமல் மறுபடியும் படித்தேன். அதில் ஜன்னலைத் திற என்று இருந்தது, ஏன் என்று ஒரு வரி இல்லை.

சரி, கேஸ் பில்? 4 மீட்டருக்கு 4 மீட்டர் அறை, 2.4 மீட்டர் உயரம், அதில் இருக்கும் காற்று 46 கிலோ. அதை முழுக்க வெளியே அனுப்பிவிட்டு 5 டிகிரிக் காற்றை 20-க்குச் சூடாக்க கால் யூனிட்கூட ஆகாது, 0.2 யூனிட்தான். விலை உச்சத்தில் இருந்த அந்த வருடத்திலேயே அது இரண்டு பென்ஸ் சொச்சம். வீட்டின் சூடு பெரும்பாலும் சுவரிலும் தரையிலும் சாமான்களிலும் இருக்கிறது, காற்றில் கொஞ்சம்தான். அதனால்தான் எதிரெதிர் ஜன்னல்களைப் பத்து நிமிடம் அகலத் திறந்து மூடினால் அறை உடனே பழைய சூட்டுக்குத் திரும்பிவிடுகிறது. நாள் முழுக்க ஒரு ஜன்னலை இரண்டு விரல் அளவு திறந்து வைத்தால் அதுதான் சுவரைக் குளிரவைத்துப் பில்லையும் ஏற்றும். ஜெர்மனியில் இந்தப் பத்து நிமிடப் பழக்கத்துக்குத் தனியாக ஒரு சொல்லே இருக்கிறது, ஷ்டோஸ்லுஃப்டன் என்பார்கள், சின்ன வயதிலிருந்தே பழக்குகிறார்கள்.

எங்கள் வீட்டில் இப்போது காலையில் எழுந்ததும் ஒரு முறை, சமையல் முடிந்ததும் ஒரு முறை, படுக்கப்போகும் முன் ஒரு முறை. சமைக்கும்போது சமையலறைக் கதவு மூடியிருக்கும், குளித்த பிறகு குளியலறைக் கதவு மூடியிருக்கும். ஈரத்துணி குளியலறைக்குள், கதவை மூடி, ஃபேனைப் போட்டு. ஈரக்காற்றை அது உண்டான அறையிலேயே பிடித்து வெளியே அனுப்பிவிட வேண்டும், விட்டுவிட்டால் வீட்டிலேயே குளிர்ந்த அறையைத் தேடிப் போய்ப் படியும். ஆள் இல்லாத அறைக்கு ஹீட்டிங் வேண்டாம் என்று ரேடியேட்டரை மூடிவிட்டுக் கதவைத் திறந்து வைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஹீட்டிங் பற்றி ஒரு வார்த்தை. முன்பெல்லாம் நாங்கள் காலை ஒரு மணி நேரம், மாலை இரண்டு மணி நேரம் நன்றாகச் சூடாக்கிவிட்டு அணைத்துவிடுவோம். அதில் காற்று சூடாகும், சுவர் சூடாகாது. சூடான காற்று தண்ணீரை ஏற்றிக்கொண்டு, அணைத்த பிறகு சில்லென்ற சுவரிலும் கண்ணாடியிலும் இறக்கிவைக்கும். உலகச் சுகாதார நிறுவனம் குளிர்காலத்தில் வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி இருக்க வேண்டும் என்கிறது. எல்லா அறையையும் அப்படி வைக்கப் பணம் இல்லாவிட்டாலும், ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரே நிதானத்தில் வைப்பது நல்லது. கனத்த திரை போட்டால் குளிர் வராது என்று நினைத்தேன். திரை அறையின் சூட்டைக் கண்ணாடிக்குப் போகவிடாமல் தடுக்கிறது, நீராவியைத் தடுப்பதில்லை, அது ஓரங்களில் புகுந்து இன்னும் குளிர்ந்த கண்ணாடியில் படிகிறது. திரையை விட முடியாது, எழுந்தவுடன் திறந்துவிடுங்கள், ரேடியேட்டரை மூடாமல் கட்டையோடு நிறுத்துங்கள்.

கருவிகளில், பத்துப் பவுண்டுக்குள் கிடைக்கும் டிஜிட்டல் ஈரப்பதமானியை எல்லோரும் வாங்கலாம். அப்பாவின் வேட்டித்துணித் தெர்மாமீட்டருக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், இரண்டும் மூன்று நான்கு எண்ணுக்குள் ஒத்துப்போயின. 60-க்குக் கீழே வைத்திருக்கப் பாருங்கள். காற்றிலிருந்து ஈரத்தைப் பிரித்தெடுக்கும் டீஹியூமிடிஃபயர் மெஷின் உண்மையிலேயே வேலை செய்கிறது, துணி காயவைக்கும் அறையில் வைத்தால் கைகண்ட பலன். 200 வாட் மெஷின் ஐந்து மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட், அந்தக் கரண்ட் முழுக்க அறைக்குச் சூடாகத் திரும்பி வந்துவிடும். பெட்டியில் நாளைக்கு 12 லிட்டர் என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம், அந்த அளவு பெரும்பாலும் 30 டிகிரி, 80 சதவீத ஈரத்தில் எடுத்தது, நம் அறையில் அதில் ஒரு பங்குதான் வரும். ஈரத்தை உறிஞ்ச ஜன்னல் கட்டையில் வைக்கிற உப்பு டப்பாக்கள் அலமாரிக்குள் உதவும், அறைக்குப் போதாது. ஒற்றைக் கண்ணாடிக்கு, ஹேர் டிரையரால் இழுத்து இறுக்கும் பிளாஸ்டிக் தாள் மலிவான நல்ல வழி, நாலு பக்கமும் காற்றுப் புகாமல் ஒட்டினால்தான். சமையலறை ஜன்னலுக்கு இரண்டு குளிர்காலம் அதைத்தான் போட்டோம்.

துணி அலமாரியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வெளிச்சுவரை ஒட்டி வைத்திருந்தோம், பின்னால் காற்றே போகாது. பிப்ரவரியில் ஒரு கல்யாணத்துக்காக என் முகூர்த்தப் பட்டை எடுத்தேன். அரக்குச் சிவப்பு, மயில்கழுத்துக் கரை. மடிப்பு ஓரம் முழுக்க மாவு தூவியதுபோலச் சாம்பல் வெள்ளை, மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனால் நனைந்த சாக்கு வாசம். சரிகை கறுத்திருந்தது. பூசணம் பிடிக்கச் சுவரில் தண்ணீர் வழிய வேண்டும் என்றில்லை, அந்த மேற்பரப்பை ஒட்டிய காற்றில் ஆர்.எச். 80-ல் நாள்கணக்காக நின்றால் போதும். அலமாரியை இப்போது உள்சுவருக்கு மாற்றி, ஒரு கை புகுகிற அளவுக்கு இடைவெளி விட்டிருக்கிறோம். புடவை இன்னும் பழைய வேட்டியில் சுற்றித்தான் இருக்கிறது, கோவையில் ஒருவரிடம் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

மகளுக்கு அந்தக் குளிர்காலம் முழுக்க இரவில் இருமல். டாக்டர் கேட்ட மூன்றாவது கேள்வி வீட்டில் பூசணம் இருக்கிறதா என்பது. அப்போதுதான் அவாப் இஷாக் பற்றிய தீர்ப்பு வந்திருந்தது. எங்களுக்குப் பக்கத்து ஊரான ராச்டேலில் ஒரு படுக்கையறை ஃபிளாட்டில் வாழ்ந்த குழந்தை, பெற்றோர் சூடானிலிருந்து வந்தவர்கள். 2020 டிசம்பரில் இரண்டு வயதில் இறந்துபோனான். பூசணம் நிறைந்த வீட்டில் நீண்ட காலம் வாழ்ந்ததால் வந்த சுவாசக் கோளாறே காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி சொன்னார். எந்த வீட்டிலும் நடக்கிற அன்றாட வாழ்க்கையும், போதிய காற்றோட்டம் இல்லாததும் சேர்ந்துதான் அந்தப் பூசணத்தை உண்டாக்கின என்பதும் அவர் கண்டது. அந்தத் தந்தை 2017-லேயே புகார் சொல்லியிருக்கிறார், அதன் மேல் பெயின்ட் அடிக்கச் சொன்னார்கள். குடும்பத்தின் பழக்கவழக்கம்தான் காரணம் என்று வீட்டு நிர்வாகம் அனுமானித்துக்கொண்டதும் வெளியே வந்தது. அந்தச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது என் மகள் பக்கத்தில் இருமிக்கொண்டிருந்தாள். இட்லிப் பானையைக் காட்டிய அந்த விரல் எனக்கு ஞாபகம் வந்தது.

ஆகவே இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன். நம் பக்கம் செய்ய வேண்டியதைச் செய்வோம், அதே நேரம் வேலை செய்யாத ஃபேனுக்கு நாம் பொறுப்பில்லை. இங்கிலாந்தில் 2018-இல் வந்த சட்டத்தின்படி வாடகை வீடு மனிதர் வாழத் தகுதியாக இருக்க வேண்டும், ஈரமும் பூசணமும் அதில் சேரும். அவாப் பெயரில் வந்த சட்டம் 2025 அக்டோபர் 27 முதல் சமூகக் குடியிருப்புகளுக்கு (உள்ளாட்சியும் வீட்டுவசதி அமைப்புகளும் வாடகைக்கு விடும் வீடுகள்) நடைமுறையில் இருக்கிறது: கடுமையான பாதிப்பு என்றால் 10 வேலைநாளுக்குள் வந்து ஆராய வேண்டும், உடனடி ஆபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள் சரிசெய்ய வேண்டும். தனியார் வாடகை வீடுகளுக்கும் இதை நீட்டிக்கப் புதிய வாடகைச் சட்டம் வழி வைத்திருக்கிறது. எதையும் போனில் சொல்லாதீர்கள், எழுதுங்கள். தேதி போட்டுப் படம், காலை மாலை ஈரப்பத எண்கள், தாள் கீழே விழுகிற வீடியோ. நான் மூன்று வார எண்களை ஒரு தாளில் எழுதி, பரணில் கழன்று கிடந்த குழாயின் படத்தோடு அனுப்பினேன். அதற்கு முன் நான்கு மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை, இதற்கு நான்கு நாளில் ஆள் வந்தார். குழாயை மாட்டினார்கள். சமையலறையில் சுவரைத் துளைத்து வெளியே தள்ளுகிற ஃபேன் அடுத்த செப்டம்பரில் வந்தது.

வந்துவிட்ட பூசணத்தைக் காய்ந்த பிரஷால் தேய்க்காதீர்கள், பொடி பறந்து நெஞ்சுக்குள் போகும். முகக்கவசமும் கையுறையும் போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து, பூசணக்கொல்லி மருந்தை ஈரத்துணியில் தொட்டுத் துடைத்து, துணியைத் தூக்கிப்போடுங்கள். பிளீச் எடுத்தால் வினிகரோ வேறு கிளீனரோ அதோடு சேரவே கூடாது, நச்சுவாயு வரும்.

இந்தக் குளிர்காலத்தில் படுக்கையறை காலையில் 55-லிருந்து 60-க்குள் இருக்கிறது. உறைபனி விழுகிற இரவுகளில் மட்டும் கண்ணாடியின் அடிவிளிம்பில் ஒரு விரல் அகலத்துக்கு ஈரக்கோடு நிற்கிறது. பழைய இரட்டைக் கண்ணாடிகளில் நடுவே இடைவெளி காக்கும் பட்டை அலுமினியத்தால் ஆனது, அதன் வழியாகக் குளிர் ஓடிவருவதால் விளிம்பு எப்போதும் நடுவைவிடச் சில்லென்று இருக்கும். அதற்கு நான் செய்யக்கூடியது எதுவுமில்லை. நீலத் துண்டால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுப் பத்து நிமிடம் ஜன்னலைத் திறந்து வைக்கிறேன். மகள் அதற்குள் சமையலறைக்குப் போய் ஈரப்பதமானி காட்டும் எண்ணைப் பார்த்து வந்து சொல்வாள், ஞாயிற்றுக்கிழமை தாத்தாவுக்கு அவள்தான் ஆர்.எச். ஒப்பிக்க வேண்டும்.